மூன்றே முக்காலுக்கு வீடு பார்க்க வந்தவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் வருகிற நேரங்கள் எல்லாம் அவள் கைப்பை நோட்டில் அப்போதைக்கப்போது குறித்து வைத்தவை. ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவளுக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. ஒரு பெரிய கண்ணாடிக் கடை, தெற்கே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரத்தில் புதுக் கிளை திறந்தது. பதவி உயர்வோடு அவளை அங்கே அனுப்பினார்கள். கணவனுக்கு அச்சகத்தில் வேலை. பிள்ளைகள் இரண்டு. வீடு கிடைத்தால் அவன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்துவிடுவான். கிடைக்காவிட்டால் இவள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவேண்டும். இதுதான் இருவருக்கும் ஒப்பந்தம்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள், வளர்கிற ஊரில் வாடகைக்கு வீடு தேடிப்பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். எங்கு பார்த்தாலும் பள்ளம் தோண்டியிருந்தது. போன மாதம் இல்லாத தெரு இந்த மாதம் இருந்தது. பாதிக் கட்டடங்களுக்கு இன்னும் பெயர்ப்பலகைகூட வரவில்லை. தரகர் ஒருவர் மூன்று நாளில் பதினைந்து வீடு காட்டினார். அவர் பைக்கில் முன்னால் போவார். இவள் வாடகைக் காரில் பின்னால் போவாள். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக் கொத்து தொங்கும். அதனால் மனதுக்குள் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்திருந்தாள்.

அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் குழாயை ஐந்து வினாடி திறந்து மூடுவாள். சுவிட்சைப் போட்டு அணைப்பாள். ஜன்னலையும் அலமாரியையும் திறந்து பார்ப்பாள். சுவரை மூன்று தட்டுத் தட்டிக் காது வைப்பாள். கணவன் அவளை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுவான்.

பதினைந்தாவது வீடு பிடித்தது. புதுக் கட்டடம், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம்.

"இதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க?"

"யாருமே இல்ல மேடம். நீங்கதான் மொத ஆளு. பெயின்ட் வாசனைகூடப் போகல பாருங்க."

உண்மைதான். வாசனை மூக்கைத் துளைத்தது.

சனிக்கிழமை ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடத்தோடு குடியேறினாள். அடுத்த ஞாயிறு லாரியில் சாமான்கள் வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை மாலை 6.50. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள். சமையலறையில் குழாய் நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் அவசரத்தில் சரியாக மூடவில்லை போல. தன்னையே திட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை 6.45. இரண்டு படுக்கையறை ஜன்னல்களும் திறந்திருந்தன. குளியலறையில் விளக்கு எரிந்தது.

காலையில் அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை.

புதன்கிழமை 7.05. சுவர் அலமாரிக் கதவுகள் ஆறும் விரியத் திறந்து கிடந்தன. அவளுடைய பெட்டி மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு பொருள்கூடத் தொலையவில்லை.

திருடன் என்றால் எதையாவது எடுத்திருக்க வேண்டும். இது வேறு ஏதோ...

யோசித்துப் பார்த்தபோது சட்டென்று பொறி தட்டியது. குழாய், விளக்கு, ஜன்னல், அலமாரி. வீடு பார்க்க வருகிறவர்கள் செய்கிற காரியம்! இவள் வேலைக்குப் போன பிறகு சாவிக்கொத்து இன்னொரு சாவியால் திறந்து, வேறு ஆட்களுக்கு வீட்டைக் காட்டுகிறார். கூடுதல் வாடகை தருகிறவர் கிடைத்தால் இவளைக் கிளப்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டாள்.

"நான் இல்லாத நேரத்துல வீட்டை யாருக்குக் காட்டுறீங்க?"

"ஐயோ மேடம், என்ன பேசுறீங்க? இருந்தது ஒரே சாவி. அத உங்க கையில குடுத்துட்டேன்."

"அப்ப உள்ள வந்தது பேயா?"

"மேடம், எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் அந்தத் தெருப் பக்கமே வரல."

சத்தியம் பண்ணுகிறவனை நம்பாதே என்பது அவளுடைய கொள்கை. அன்று மாலையே பூட்டுக்காரரை வரவழைத்துப் புதுப் பூட்டு போட்டாள். சாவி இரண்டு. இரண்டும் அவள் கைப்பையில்.

பூட்டுக்காரர் போனதும், கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியேம்மா? மத்தியானம் கொஞ்சம் கண் அசர நேரத்துல நீ இங்கயும் அங்கயும் நடக்குற. தொம் தொம்னு சத்தம். குழாய வேற திறந்து திறந்து மூடுற."

"எத்தன மணிக்கு டீச்சர்?"

"மூணே முக்கால். தினமும் அதே நேரம். நான்தான் கடிகாரத்தப் பாத்துட்டே படுத்திருக்கேனே."

"அந்த நேரத்துல நான் கடையில இருப்பேன்."

ஆசிரியை அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை 6.55. புதுப் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. உள்ளே போனாள். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஜன்னல்கள் திறந்திருந்தன. குழாய் ஒழுகியது.

அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பூட்டுக்காரரையும் சாவிக்கொத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள். இருவரும் கூட்டாகத்தான் இருக்கவேண்டும். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆயிற்று.

இரவு கணவன் போனில் கேட்டான். "என்ன இன்ஸ்பெக்டர், வீடு எப்படி? நாளைக்கு வேலையை விடறதா எழுதிக் குடுத்துடவா?"

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன். அதுவரைக்கும் குடுக்காதீங்க."

"ஏன்?"

"ஒரு திருடனப் பிடிக்கணும்."

அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு. 2.40க்கு வீட்டுக்கு வந்தாள். உள்ளே பூட்டி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். சமையலறைக் குழாயை இறுக்கி மூடினாள். விளக்குகளை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி மாட்டினாள். உள் படுக்கையறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அதன் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள். கையில் ஆயுதம் வேண்டுமே? கண்ணாடி ஃபிரேம் முடுக்குகிற திருப்புளி ஒன்று பையில் இருந்தது. விரல் நீளம், ஈர்க்குச்சி கனம். கொசுவைக் குத்தலாம்.

3.20. கீழே லாரி ஒன்று போயிற்று.

3.35. எங்கோ கட்டட வேலை செய்கிறவர்கள் கம்பி அறுக்கிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

பட்டப்பகல். வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் அவள் அந்தத் திருப்புளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

3.44. வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சாவி நுழைகிற சத்தம் வரும். தாழ்ப்பாள் தடுக்கும். வெளியே முணுமுணுப்பார்கள். அப்போது சட்டென்று திறந்து...

சாவிச் சத்தம் வரவே இல்லை.

3.45. சமையலறையில் குழாய் திறந்தது.

தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம். ஒன்று... இரண்டு... ஐந்து வினாடி இருக்கும். நின்றது.

கதவு திறக்கவில்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தாழ்ப்பாள் போட்டவள் அவள்தான்.

டிக்.

கூடத்து விளக்கு.

டிக். டிக். விசிறி சுற்ற ஆரம்பித்து, ஓய்ந்தது.

பிறகு நடை. செருப்பில்லாத கால். அவசரமில்லாத நடை. குளியலறைக்குப் போயிற்று. அங்கே குழாய். திரும்பி வந்தது. முன் படுக்கையறையில் ஜன்னல் கொக்கி கழன்றது. அலமாரிக் கதவு கிரீச்சிட்டது.

தொக்... தொக்... தொக்.

சுவரைத் தட்டுகிற ஓசை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது யாரோ வீடு பார்க்கிற முறை இல்லை. அவள் வீடு பார்க்கிற முறை. அதே வரிசை. அதே ஐந்து வினாடி. சுவரில் அதே மூன்று தட்டு.

3.52. நடை கூடத்துக்கு வந்தது. இந்த அறையை நோக்கித் திரும்பியது.

கத்த நினைத்தாள். ஆனால் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

கதவு மெல்ல விரியத் திறந்தது. அவளைச் சுவருக்கும் தனக்கும் நடுவில் வைத்து அழுத்துவதுபோல்... தோளில் வந்து இடித்து நின்றது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அறையில் வெயில் விழுந்திருந்தது. யாரும் இல்லை.

ஆனால் குரல் இருந்தது.

ஒரு பெண்ணின் குரல். தாழ்ந்த குரல். அடி எண்ணிக்கொண்டே வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எதிர்ச் சுவர் வரை போயிற்று. திரும்பியது.

"நாலு... அஞ்சு..."

நின்றது.

"இங்க கட்டில் போடலாம்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஆறு..."

கதவுக்குப் பக்கம்.

"ஏழு..."

கதவுக்கு அந்தப் பக்கம்.

எண்ணுவது நின்றது.

பிறகு, பலகை ஒன்றுதான் நடுவே என்கிற நெருக்கத்தில், மிகவும் மரியாதையாக...

"நீங்க எப்ப காலி பண்றீங்க?"

தாழ்ப்பாள்களை எப்படித் திறந்தாள், மாடிப்படியை எப்படி இறங்கினாள், எதுவும் அவளுக்கு நினைவில்லை. கீழ்வீட்டு ஆசிரியை கதவைத் திறந்தபோது மணி 3.58. பேயறைந்த முகம் என்று சும்மாவா சொன்னார்கள் என்று ஆசிரியை பிற்பாடு சொன்னார். இவள் வெறுங்காலோடு நின்றிருந்தாளாம். அந்தச் சின்னத் திருப்புளியை அவள் விரல்களிலிருந்து பிரித்தெடுக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்றாம்.

அந்த வீட்டுக்குள் அவள் மறுபடி காலெடுத்து வைக்கவில்லை. கடையில் வேலை பார்த்த இருவர் போய்ப் பெட்டியையும் பாயையும் எடுத்து வந்தார்கள். சாவிகளைத் தரகருக்குத் தபாலில் அனுப்பினாள். கணவனிடம் தண்ணீர் சரியில்லை என்றாள். லாரியை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னாள். கடைக்குப் பின் தெருவில், சக ஊழியை ஒருத்தி சொல்லி வேறு வீடு கிடைத்தது. ஒரே படுக்கையறை, வெளிச்சம் குறைவு. ஆனால் வாசலில் ஆள் நடமாட்டம் உண்டு. கணவனும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவனுக்கும் அச்சக வேலை கிடைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சண்டை போடும் அளவுக்கு ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் ஓடிற்று. வீட்டில் ஏதோ கோளாறு, தப்பித்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தரகரை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று மட்டும் அவ்வப்போது உறுத்தும்.

ஒரு புதன்கிழமை, காலை 11.10. கண் பரிசோதனைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இடுப்பில் சாவிகள் குலுங்க அவர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, மேடம்! நீங்களா? பேப்பர் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. அதான் வந்தேன்."

"உக்காருங்க. அன்னைக்குப் போன்ல கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடுங்க மேடம். எங்க தொழில்ல திட்டு வாங்காத நாள் உண்டா?"

சோதனைக் கண்ணாடி ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, அதில் ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகினாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"எனக்கு அக்கா கிடையாது. தம்பி ஒருத்தன்தான்."

"அப்ப அவங்க யாரு? அண்ணியா? அதான், உங்க கூட வீடு பாக்க வந்தாங்களே."

அவள் கை நின்றது.

"நான் தனியாதான வந்தேன்."

"என்ன மேடம் விளையாடுறீங்க! மூணு நாளும் வந்தாங்க. பதினஞ்சு வீட்டுக்கும் வந்தாங்க. நீங்க குழாயத் திறந்து பாப்பீங்க. அவங்க உங்க பின்னாடியே நின்னு கவனிச்சுட்டு, ஓரமா அடி எண்ணி அளப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தகூடப் பேசிக்கல. ஏதோ குடும்ப மனஸ்தாபம், நமக்கெதுக்கு வம்புன்னு நானும் கேக்கல."

அறையை இருட்டாக்கித்தான் சோதனை செய்வார்கள். எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அவளுக்கு விளக்கைப் போடவேண்டும் போலிருந்தது. சுவிட்ச் அவளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பவில்லை.

"எங்க இருந்து... வந்தாங்க?"

"உங்க கார்லதான் மேடம். பின் சீட்டுல, உங்க பக்கத்துல. உங்க கைப்பைய அவங்கதான் மடியில வச்சிருந்தாங்க."

அவள் அவருடைய ஃபிரேமில் இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெறும் கண்ணால் பலகையைப் படிக்கச் சொன்னாள். இந்த மனிதருக்குப் பார்வையில் ஏதாவது பெரிய கோளாறு இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதுபோல் வேறு எவருக்காகவும் வேண்டிக்கொண்டதில்லை.

அவர் மேல் வரியைப் படித்தார். அடுத்த வரியைப் படித்தார். ஒவ்வொரு வரியாக இறங்கி, நூற்றில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லாத கடைசிப் பொடி வரியையும் தட்டுத் தடுமாறாமல் படித்து முடித்தார்.

மறு கண்ணிலும் அப்படியே.

சீட்டில் எழுதினாள். கிட்டப் படிக்க மட்டும் கண்ணாடி தேவை. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதில், இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை.