எழுபது வளைவும் ஒரு கழுத்தும்

அவசர சிகிச்சைப் பிரிவில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பாடப்புத்தகத்தில் இருக்கிற நோயாளி ஒருநாளும் நம்மிடம் வரமாட்டார். வருகிறவரைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இந்தப் பிரிவுக்கு நான் பேராசிரியை. பட்டமேற்படிப்பு மாணவர்களைத் திட்டுவது முழுநேர வேலை, நடுநடுவே நோயாளிகளையும் பார்ப்பேன். மாதம் ஒருமுறை கொல்லிமலைக்குப் போய் முதலுதவி வகுப்பும் எடுக்கிறேன். கற்றுக்கொடுக்கப் போனவள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிய கதைகள்தான் இவை. என்னோடு சேர்ந்து அவதிப்படும் சகாக்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வாந்திக் கணக்கு

ஒருநாள் காலை, மலையிலிருந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பணியில் இருந்தவள் ஹரிணி. இரண்டாமாண்டு மாணவி, கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். "எத்தனை தடவை வாந்தி?" என்று கேட்டாள். தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயப்பட வேண்டும், அது பால பாடம். கூட வந்திருந்த மலைக் கிராமத்துச் செவிலியர் செல்வி, "பதினோரு தடவைங்க" என்றார். ஹரிணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

செல்வி நிதானமாகப் பையைத் திறந்து ஒரு சீட்டை நீட்டினார். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் எதெதில் வாந்தி என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கடைசி வளைவு தாண்டிய பிறகு ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே, துணைக்கு வந்த அண்ணனின் வாந்திக் கணக்கும் இருந்தது. தலையில் அடியே படாத அவருக்குப் பதின்மூன்று! ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் என் மாணவர்கள் செய்யாததை, இந்த அம்மாள் ஆடுகிற ஜீப்பில் உட்கார்ந்து செய்திருக்கிறார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விதிப்படி ஸ்கேன் எடுத்தோம், உள்ளே ஒன்றுமில்லை. செல்வி ஹரிணியைத் தேற்றினார்: "வளைவுல எடுக்கறதெல்லாம் ரோட்டுக் கணக்குங்க டாக்டர். நேர் ரோட்டுல எடுத்தாத்தானுங்க அது தலைக் கணக்கு."

கூரை போட்ட நோயாளி

அந்தச் செல்விதான் என்னைத் திண்ணனூர் நாட்டுக்கு (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) வகுப்பெடுக்க இழுத்துக்கொண்டு போனவர். அங்கே மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் உயர ஏறிப் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுக் கிளைகளைக் கட்டையாக வெட்டி விட்டு, அதையே ஏணியாக்கி ஏறிப் பறிப்பார்கள். வருஷா வருஷம் யாராவது விழுவார்கள். விழுந்தவரை உடனே கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு எட்டு நடக்க வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். முதல் வகுப்பில் நான் மேசையைத் தட்டி, "விழுந்தவரை அசைக்காதீங்க! கழுத்து எலும்பு முறிஞ்சிருந்தா, உட்கார வச்ச நிமிஷத்துல கை கால் போயிடும். அசைக்கவே அசைக்காதீங்க!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் நானும் ஹரிணியும் மலையில் இருந்தபோது, காலையில் வெள்ளையன் என்பவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று மதியம்தான் சேதி வந்தது. அந்தச் சரிவில் செல்போன் எடுக்காது. செல்வியோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடினோம். போய்ப் பார்த்தால், மனிதர் விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடக்கிறார். அவரைச் சுற்றி நாலு குச்சி நட்டு வாழை இலையால் கூரை போட்டிருக்கிறார்கள். எறும்பு அண்டாமல் சுற்றிலும் சாம்பல் தூவியிருக்கிறது. தலைமாட்டில் அவர் மனைவி பழனியம்மா கையில் கொடுவாளோடு உட்கார்ந்திருக்கிறார். தூக்கி உட்கார வைக்கலாம் என்று வந்த கொழுந்தனாரை அதைக் காட்டித்தான் விரட்டினாராம்.

நான் மண்டியிட்டு வெள்ளையனைச் சோதித்தேன். இரண்டு கை விரல்களிலும் மதமதப்பு, கழுத்தின் பின்னால் தொட்டாலே உயிர் போகிற வலி. ஆனால் கைகால் அசைந்தது, மூச்சு சீராக இருந்தது. எலும்பு இனி ஒரு துளி நகர்ந்தாலும் இவ்வளவும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அவரோ கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிச் சொன்னார்: "வாங்க டாக்டரம்மா. எந்திரிச்சுக் கும்புட முடியாதுங்க, அசையக் கூடாதுன்னு டாக்டரு உத்தரவுங்க."

மிளகுத் தலையணை

எங்களிடம் கழுத்துப் பட்டை ஒன்று இருந்தது. அதோடு தலையின் இரண்டு பக்கமும் யாராவது பிடித்துக்கொண்டே வரவேண்டும் என்பது பாடம். பாதையோ ஒரு ஆள் அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பக்கத்தில் நடக்க இடமேயில்லை. ஹரிணி என்னைப் பார்த்தாள். நான் மேலே மரத்தைப் பார்த்தேன், அங்கே விடை எழுதியிருப்பது போல!

இரண்டு ஏணி மூங்கிலைச் சீவி இணைத்துப் போர்வையைக் கட்டிப் பாடை மாதிரி ஒன்றை, மிளகு பறிக்கிற ஆட்கள் அதற்குள் செய்துவிட்டார்கள். பட்டையை மாட்டி, தலையை நான் பிடித்துக்கொள்ள, உடம்பு வளையாமல் ஒரே கட்டையாக அவரை அதில் ஏற்றினோம். செல்வி அன்று பறித்த பச்சை மிளகை இரண்டு துணிப்பையில் இறுக்கி நிரப்பினார். தலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்து, நெற்றியோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். கனமாக இருந்தது, காதோரம் வரை அச்சாகப் படிந்தது, தலை இம்மிகூடத் திரும்பவில்லை. நான் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்குத் தோன்றவில்லை. ஆறு பேர் முன்னும் பின்னும் ஒற்றை வரிசையாக நின்று தோளில் ஏற்றினார்கள். முன்னால் போகிறவர் "கல்லு", "படி", "சறுக்கு" என்று சொல்லச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் பாடையைச் சாயாமல் உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே வந்தார்கள். என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்ட பழனியம்மா, மூச்சு வாங்கி நின்ற என்னிடம் சொன்னார்: "நீங்க மெதுவா வாங்க கண்ணு. நீங்களும் உழுந்துட்டா எங்ககிட்ட வேற மூங்கில் இல்லீங்க."

பாயின் ஜீப்

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காக ஏற்கெனவே அடிவாரம் இறங்கியிருந்தது. ரோட்டில் நின்றது முள்ளுக்குறிச்சி சலீம் பாயின் ஜீப். மலையிலிருந்து அன்னாசி ஏற்றிப் போகிற வியாபாரி அவர். ஆம்புலன்ஸ் பழக்கத்தில் நான் தலையை முன்பக்கம் வைத்து ஏற்றச் சொன்னேன். பாய் குறுக்கே வந்து நின்றார். "இறக்கத்துல பிரேக் போட்டா பாரமெல்லாம் முன்னாடிதானுங்க சரியும். தலை முன்னாடி இருந்தா ஆளோட கனம் பூரா கழுத்துல எறங்கும். காலு முன்னாடி போகட்டுங்க." நியாயம். வாயை மூடிக்கொண்டு திருப்பி ஏற்றினேன்.

எழுபது வளைவையும் மனிதர் நடைவேகத்தில் இறக்கினார். எனக்கோ பதற்றம். ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன் என்று மனசு முன்னாலேயே ஓடுகிறது. பாதி வழியில் பொறுக்கமாட்டாமல், "கொஞ்சம் வேகமாப் போங்க பாய்!" என்று சீறினேன். அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டார். திரும்பி, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: "அவசரம் உங்களுதுங்க டாக்டரம்மா. கழுத்து அவருதுங்க."

படம் பார்த்தவர்

ஸ்கேனில் கழுத்தெலும்பு முறிந்து முன்னால் நழுவியிருந்தது. தண்டுவடத்துக்கும் அதற்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. எங்கள் தண்டுவட அறுவை நிபுணர் லேசில் யாரையும் புகழமாட்டார், என்னை இதுவரை புகழ்ந்ததே இல்லை. படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளையனின் உள்ளங்காலைச் சுரண்டி, விரல் மடங்குகிறதா, தண்டுவடம் பிழைத்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். அறுவை அன்றே நடந்தது. வெளியே வந்து கையுறையைக் கழற்றியபடி என்னிடம் கேட்டார்: "இந்த எலும்போட நம்ம வார்டுல கட்டில் மாத்தறதுக்கே எனக்கு பயமா இருந்துச்சு. மலையிலேர்ந்து கொண்டு வந்தது யாரு? அவங்களை இங்க வேலைக்கு எடுக்க முடியுமா?"

எதுவரைக்கும்?

சில மாதம் கழித்து, திண்ணனூர் நாட்டில் நடந்த வகுப்புக்கு வெள்ளையன் தானே நடந்து வந்தார். மரம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டோம். இப்போது கீழே இருந்து மிளகு உலர்த்துகிறார், ஏறுகிறவர்களை அதட்டுகிறார். அவர் இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டபோது ஹரிணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க நான் முயலவில்லை.

வகுப்பு முடிந்ததும் பழனியம்மாவிடம் கேட்டேன். ஊரே தூக்கச் சொல்லும்போது, புருஷனை நாலு மணி நேரம் மண்ணில் போட்டு வைக்க எப்படி மனசு வந்தது? "நீங்க அசைக்காதீங்கன்னு சொன்னீங்க" என்றார், அதிலென்ன சந்தேகம் என்பது போல. சரி, அன்றைக்கு நாங்கள் மலையிலேயே இல்லாமல் போயிருந்தால்? அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்ன பதிலில்தான் என் தப்பு எனக்குப் புரிந்தது. சமவெளியில் 'அசைக்காதீர்கள்' என்றால் ஆம்புலன்ஸ் வரும் கால் மணி நேரத்துக்கு என்று பொருள். அந்த மீதி வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. எப்படித் தூக்குவது என்று ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொடுக்காமல் மலையிறங்கி வந்திருக்கிறேன். பழனியம்மா சொன்னார்: "எதுவரைக்கும்னு நீங்க சொல்லலீங்களே சாமி. மழைக்கு ஓலை முடைஞ்சு கூரைய மாத்திட்டு, நீங்க அடுத்த மாசம் வார வரைக்கும் அப்பிடியேதானுங்க வெச்சிருப்பேன்."

மாணவர்கள் நான் சொல்வதைக் கேட்பதே இல்லை என்று இருபது வருஷம் புலம்பியவள், இப்போதெல்லாம் யாராவது அப்படியே கேட்டுவிடப் போகிறார்களே என்று நடுங்கிக்கொண்டுதான் வகுப்பில் வாயைத் திறக்கிறேன்.