எல்லாருக்கும் நானே எழுதிய பதில்கள்

உன் படிவம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது என்று செல்வராணியிடம் நான் அன்று சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. மூன்றாம் ஆண்டு. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் வகுப்பெங்கும் புது பெயின்ட் வாடை... பழைய ஜெராக்ஸ் அறையில் 'மனநல ஆலோசகர்' என்று அன்றுதான் போர்டு மாட்டியிருந்தார்கள்.

மாணவர் மனநலப் படிவங்களைத் துறைத் தலைவர் என் மேஜையில் வைத்தார். நான் கிளாஸ் ரெப்; எல்லாருடையதையும் நானே நிரப்ப வேண்டும்.

"பேனாவ மாத்தி மாத்தி எழுதும்மா. ஒரே கையெழுத்தாத் தெரியக் கூடாது."

எல்லா வகுப்பிலும் அதுதான் வழக்கம்.

நன்றாகத் தூங்குகிறீர்களா? ஆம். காரணமின்றி அழுகை வருகிறதா? இல்லை. ஆலோசகரைப் பார்க்க விரும்புகிறீர்களா? இல்லை.

நீலம், கறுப்பு, சாய்ந்த எழுத்து, உருண்டை எழுத்து... எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வராணி என் பக்கத்து இருக்கைக்காரி.

"ஏட்டி, எம் பாரத்த மட்டும் குடு. நானே எழுதுதேன்."

"என்னத்த எழுதப் போற? அம்புட்டும் ஆம், இல்லதான்."

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லடி. கடைசிக் கேள்விக்கு ஆமான்னு போடணும்."

"அதான் கிளாஸ்ல தூங்குதியே!" என்றாள் முன்பெஞ்சுக்காரி. எல்லாரும் சிரித்தோம். செல்வராணியும் சிரித்தாள்.

கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு 'ஆம்' இருந்தாலும் துறைத் தலைவர் என்னைத்தான் கேட்பார்.

"உன்னோடத முடிச்சுட்டேன்டி," என்றேன். அது அடுக்கின் அடியில் கிடந்தது.

"சரி, விடு. நேர்ல போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சு... அதான்," என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் படிவத்தைக் கடைசியாக எழுதினேன். மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த கையெழுத்து. அப்படியே வந்தது.

இப்போது ராஜபாளையத்தில் வேறொரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படிவம் போய் லிங்க் வந்துவிட்டது. கிளாஸ் ரெப் ஒருத்தியே போனில் எல்லாருக்கும் நிரப்பிவிடுகிறாள். பேனா மாற்றும் சிரமம்கூட இல்லை.

அந்த இன்ஸ்பெக்‌ஷனில் எங்கள் கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைத்தது. செல்வராணி அந்த செமஸ்டர் பரீட்சைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. டி.சி. வாங்க அவள் அப்பா வந்தார்.

"வீட்ல யார்ட்டயும் பேச மாட்டேங்கா சார். இங்க எதும் சொன்னாளா?"

துறைத் தலைவர் என்னை ஃபைலை எடுத்துவரச் சொல்லி, அவள் படிவத்தை அவரிடம் காட்டினார்.

"நல்லா இருக்கேன்னு அவளே எழுதிக் குடுத்துருக்கா, பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா சார், அவ கையெழுத்துதான்," என்றார்.

டி.சி.யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.