கேமராவில் கேட்ட இருமல்

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். நானும்தான்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் அப்பாவும் நானும் இருக்கிறோம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தெளிவாகத் திரும்பியது. நான் தட்டாஞ்சாவடியில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். பகலில் ஒரு அம்மா வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நேரத்துக்காக அப்பாவின் கட்டிலுக்கு எதிரே சின்னதாக ஒரு கேமரா மாட்டினேன். கம்பெனியில் இருந்தபடியே போனில் அவரைப் பார்க்கலாம், கேமரா வழியாகப் பேசவும் செய்யலாம். தண்ணி குடிச்சியாப்பா என்று கேட்டால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பகலில் யாரோ ஆம்பளைக் குரலில் தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். தான் இருமினால் அதே மாதிரி இருமிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். சாப்பாடு கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார். கருவடிக்குப்பத்திலிருந்து அண்ணன் வந்து டாக்டரிடம் அழைத்துப் போனார். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் அப்பா பாதி நாள் மயக்கத்திலேயே கிடந்தார். அப்புறம் குரலைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் கேமராவில் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காய்ச்சல் என்று நான் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம், அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இருமினார். உடனே இன்னொரு இருமல் கேட்டது. அதற்குப் பின்னால் சிரிப்பு.

"என்னா பெருசு, இன்னைக்கும் தூக்கமா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அறையில் அப்பாவைத் தவிர யாரும் இல்லை. குரல் கேமராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அப்பா என்னையே பார்த்தார்.

"உனுக்கும் கேட்டுச்சாம்மா?"

கேட்டதுப்பா என்றேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்கும்.

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போட்டேன். வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு என்று கேட்டாள். நெட் போட வந்தவர் என் மொபைல் நம்பரையே வைத்துவிட்டுப் போயிருந்தார், நானும் மாற்றவில்லை. அந்த நம்பர் யாருக்கெல்லாம் தெரியும் என்றாள். ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தேன். 'மாடி வாடகைக்கு' என்ற போர்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாடிக்கு இரண்டு இளைஞர்கள் குடிவந்து பல மாதம் ஆகியும் நாங்கள் அதைக் கழற்றவில்லை. தெருவில் போகிற எவருக்கும் தெரிகிற மாதிரி அதில் என் நம்பர். கேமராவுக்கோ, டப்பாவில் போட்டு வந்த பாஸ்வேர்டேதான்.

அவள் சொல்லச் சொல்ல நானே உட்கார்ந்து செய்தேன். முதலில் ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு, அடுத்து வைஃபையுடையது, கடைசியில் ஒயரை மறுபடி செருகி கேமராவுடையது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், நீளமாக வைத்தேன். காய்ச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒருவன் இறங்கி வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, இன்னைக்கு உங்க வைஃபை வரலையா?"

"உங்களுக்கு நான் எப்பப்பா வைஃபை குடுத்தேன்?"

அவன் திரும்பி மாடிப்படியைப் பார்த்தான். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கணீரென்று வந்தது.

"இந்தக் கொரலுதாம்மா. இருமிக் காட்டுனது இவன்தான்."

அண்ணன் வந்ததும் இருவரையும் அப்பாவின் அறையில் நிறுத்தினோம். எங்கள் வைஃபையில் சேர்ந்தபோது கேமராவும் கண்ணில் பட்டதாகவும், விளையாட்டுக்குச் செய்ததாகவும் சொன்னார்கள். அண்ணன் போலீஸுக்குப் போகலாம் என்று கிளம்பினார். அப்பா தடுத்தார்.

"போலீசு அப்பறம் இருக்கட்டும். நான் சொன்னது நெசம்னு எம்புள்ளைங்க முன்னாடி இவங்க வாயால சொல்லட்டும்."

சொன்னார்கள், தலையைக் குனிந்துகொண்டு. அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவரைத் திட்டவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மீன் குழம்போடு அவர் சாப்பிட்ட மாதிரி நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அவர்கள் மாடியைக் காலி செய்தார்கள். நடந்ததைக் கேட்ட டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். கழற்றி வைத்திருந்த கேமராவை மறுபடி மாட்டட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். மாட்டு, இனிமேல் அதில் நீ மட்டும்தானே பேசுவாய் என்றார். இப்போது தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் கேட்பது வேறு: வீட்டு வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு வைத்திருக்கிறீர்கள்? அவர்கள் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. போய் மாத்துங்க."