அம்மையார்குப்பத்தில் அம்மைப்பால் குத்தியது

1. சாத்திய கதவுகள்

பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மைப்பால் குத்தும் பயிற்சி முடித்துத் திருத்தணியில் சேர்ந்த முதல் வாரமே என்னை அம்மையார்குப்பத்துக்கு அனுப்பினார்கள். பெரியம்மை பரவி ஓய்ந்திருந்த நேரம். மறுபடி வருமுன் விடுபட்ட குழந்தைகளுக்கெல்லாம் குத்த வேண்டும். நெசவுத் தெருவில் நுழைந்ததும் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். தறிக்காரர் கோவிந்து மட்டும் வெளியே வந்தார்.

"குத்திக்கின நாகம்மா புள்ளதான் மொதல்ல போச்சு. குத்தாத என் புள்ளைங்க ஓடிக்கினு கீதுங்க. இன்னா சொல்றீங்க?"

நாகம்மாவின் வீட்டைக் காட்டச் சொன்னேன்.

2. நாகம்மா

அவள் மடியில் இளைய மகள் வள்ளி இருந்தாள். இறந்த பையனைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டேன்: குத்திய இடத்தில் கொப்புளம் வந்ததா, பொருக்கு கட்டியதா, தழும்பு விழுந்ததா?

"ஒண்ணுமே இல்லீங்க. கை வழவழன்னுதான் இருந்துச்சு."

"குத்தினதும் என்ன செஞ்சீங்க?"

"ஆத்தா எறங்கற எடமாச்சே. வேப்பெல, மஞ்சள் அரச்சு அப்பவே அழுத்தித் தேச்சேன்."

கீறிய இடத்தில் பால் ஊறிக் காய வேண்டும். உடனே தேய்த்துவிட்டால் குத்தியும் குத்தாததுதான். அதை மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லை. சொல்லியிருக்கணும். ஒரு வாரம் கழிச்சு வந்து கையைப் பார்த்திருக்கணும். ரெண்டும் எங்க வேலை."

3. தெருவில்

வள்ளியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"கோவிந்து பாவா, எம் புள்ளயச் சொல்லி ஊசிய ஏசாதே. பாலை நான்தான் தொடச்சிட்டேன். தொடைக்காதன்னு அன்னிக்கு வந்தவங்க சொல்லல."

"ஜொரம் வராதுன்னு இந்தம்மா சத்தியம் பண்ணுவாங்களா?"

"வரும்," என்றேன். "கை வீங்கும், கொப்புளம் எழும்பும். அபூர்வமா சிலருக்கு உபாதை அதிகமாவும் ஆகும். அடுத்த வாரம் நானே வந்து பார்ப்பேன்."

"நல்லா வியாபாரம் பண்றாங்கப்பா! இதக் கேட்டு எவன் கைய நீட்டுவான்?" என்றார் கோவிந்து.

"என் பொண்ணு நீட்டுவா," என்று நாகம்மா கீழே உட்கார்ந்தாள். நான் குத்தியதும், பால் காயும்வரை வள்ளியின் கையைத் தன் சேலைகூடப் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

அடுத்த வாரம் வள்ளியின் கையில் நல்ல கொப்புளம். "முத்து போட்டுக்கீது பாருங்க" என்று வீடு வீடாகக் காட்டிவந்தாள் நாகம்மா. கோவிந்துவின் பிள்ளைகள் உட்பட அந்தத் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் அன்று குத்தினேன்.

இவ்வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஜுரம் வரும் என்பதை மறைக்காதீர்கள். பால் காயும்வரை நகராதீர்கள். சொன்ன நாளில் திரும்பப் போங்கள். நாகம்மா எங்களையே ஏசிக்கொண்டிருந்திருக்கலாம். தெரு முழுக்க அவள் பக்கம்தான் இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காக, பழியை எங்கள்மேல் போடும் அந்த ஆறுதலையும் அவள் விட்டுக்கொடுத்தாள்.