நவம் அண்ணை கேட்க மறுத்த முடிவு

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் டூட்டிங் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் ஒரு கையிலும் ரிமோட் மறு கையிலுமாக அமெரிக்கன் ஃபுட்போல் பிளேஓஃப், தோற்றவன் வெளியேறுகிற ஆட்டம், பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம். மேலதிக நேரம் வந்துவிட்டது. நடுவர் மைதானத்தின் நடுவில் நின்று காசைச் சுண்டினார். காசு மேலே போனதும் என் கை தானாக ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டது.

“என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு? டொஸ் தோத்தாலும் இப்ப ரெண்டு டீமுக்கும் பந்து வரும். சில் பண்ணுங்கோ” என்றாள் மகள்.

எனக்கே விதி சொல்லித் தருகிறாள்! நான் இந்த ஆட்டம் பார்க்கத் தொடங்கியபோது அவளுடைய தாயையே எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்து விதி ஒரே வரி: டொஸ் வென்றவனுக்குப் பந்து, மேலதிக நேரத்தில் முதலில் புள்ளி எடுத்தவன் வென்றான், மற்றவன் வீட்டுக்குப் போகலாம். பந்தைத் தொடாமலே தோற்றவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. பந்து வரவில்லையா? தடுத்துப் பிடி. அதற்குத்தானே உனக்குச் சம்பளம்? இப்போது பாருங்கள், ஏழாவதாக வந்தவனுக்கும் பிளேஓஃபில் இடம், டொஸ் தோற்றவனுக்கும் ஒரு பந்து. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆட்டம் பார்க்க வந்தவனுக்கும் ஒன்று கொடுப்பார்கள். பழைய விதியில் எனக்கிருந்த ஒரே குறை, பந்தை உதைக்க மட்டும் வருகிற அந்த உதைகாரன். நாள் முழுக்க ஓரத்து வாங்கில் குந்தியிருந்துவிட்டு, கடைசியில் வந்து ஒரு உதை உதைத்து வென்றுவிடுவான். வடம் பிடிக்காதவன் தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு முன்னால் நின்று படம் எடுக்கிற மாதிரி.

இந்த விசயத்தில் என்னுடைய ஜென்ம விரோதி நவம் அண்ணை. அப்போது ஹவுன்ஸ்லோவில் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அவரும் நானும் ஒரே அறை, விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஒரே ஷிப்ட். அந்த வீட்டு டிவியில் ஒழுங்காகத் தெரிந்த ஒரே சனலில் அமெரிக்கன் ஃபுட்போல் போனதால்தான் நாங்கள் இருவரும் அதில் விழுந்தோம். கோல்ஃப் போயிருந்தால் கோல்ஃபில் விழுந்திருப்போம், கடவுள் காப்பாற்றினார்.

“உது ஒண்டுமில்லையடா, ஹெல்மெட் போட்டுக்கொண்டு எங்கட ஊர்க் கிளித்தட்டு விளையாடுறாங்கள்” என்று முதல் நாளே ஆட்டத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் அவர். ஆனால் மேலதிக நேரம் என்று வந்தால் மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “மற்றவனுக்கும் ஒருக்கா பந்தைக் குடுக்க வேணுமெல்லே? அவனும் ஒரு கதை வைச்சிருப்பான். கேக்காமலே அனுப்புறதோ?” என்பார். அவருடைய அகதி வழக்கு அப்போது நாலாவது வருசமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதையும் இதையும் அவர் குழப்புகிறார் என்று நான் சிரிப்பேன். எனக்கு விசா கிடைத்துவிட்டது, சிரிக்கலாம்தானே.

அந்த மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா செத்துப்போனார். வழக்கு முடிய முதல் ஊருக்குப் போனால் லண்டனுக்குத் திரும்பி வர ஏலாது. ஆகவே அண்ணை போகவில்லை. எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: போக முடியாத பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை முழுக்க வீடியோ எடுத்து, கொழும்பால் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். அண்ணைக்கும் ஒரு வீடியோக் கசெற் வந்தது. “பிறகு பாப்பம்” என்று வாங்கி வைத்தார். செத்தவீட்டுக் கசெற்றில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எழுதக் கை வராது.

அதைச் சூட்கேசுக்குள் வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அது டிவிக்குக் கீழே, எங்கள் பழைய கசெற் குவியலோடு கிடந்தது. அது எனக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு பிளேஓஃப். எங்கள் இருவருக்கும் இரவு ஷிப்ட். புறப்படுகிற அவசரத்தில் குவியலில் இருந்து பெயர் எழுதாத கசெற் ஒன்றை உருவி, டிவியைப் பதிகிற மெசினில் போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு நேரம் குறித்துவிட்டு ஓடினேன். “பதியப் போட்டனியோ?” என்று பஸ்ஸில் கேட்டார். “ஓம், ஓம், எல்லாம் பக்கா” என்றேன்.

காலையில் வந்து, பாணும் சம்பலும் தேத்தண்ணியுமாக இருவரும் டிவிக்கு முன்னால் இருந்தோம். அருமையான ஆட்டம், கடைசியில் சமம். நடுவர் காசைச் சுண்டினார். “இப்ப பார், ஒருத்தன்ர கதை கேக்காமல் முடியப்போகுது” என்றார் அண்ணை. காசு மேலே போனது. படம் ஒருமுறை கோடு கோடாக ஆடியது. அதன் பிறகு டிவிக்குள் ஒரே வெயில். பறைமேளம். நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலையால் வெளியே போனார்கள். பெண்கள் படலையடியில் நின்று குழறி அழுதார்கள்.

நவம் அண்ணை கோப்பையைக் கீழே வைக்காமல், “உது எங்கட வீடெல்லே” என்றார்.

நாலு மணித்தியாலக் கசெற் அது. முன் மூன்று மணித்தியாலத்தையும் நான் அழித்துவிட்டேன். அம்மாவின் முகம் இருந்தது அந்த மூன்று மணித்தியாலத்தில். மிச்சத்தில் பாடையும் சனமும் றோட்டும்தான். அண்ணை கசெற்றைத் திருப்பி முதலில் இருந்து போட்டார். ஆட்டத்தின் ஆரம்ப உதை வந்தது. இன்னொரு முறை திருப்பிப் போட்டார். திரும்பவும் ஆரம்ப உதை. எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. “அண்ணை, எனக்குத் தெரியாது அண்ணை” என்று அழுதேன். அவர் அழவில்லை. கடைசித் துண்டை முடியும்வரை பார்த்துவிட்டு மெசினை நிறுத்தினார்.

“யாரடா வெண்டது?” என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய்ப் பேப்பர் வாங்கிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தேன். வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“சொல்லாதை. நீ எனக்கு அம்மாவைக் காட்டேல்லை. நானும் உன்ர மட்சைக் கேக்கமாட்டன். சொல்லாமல் உள்ளுக்க வைச்சு அவி. அதுதான் உனக்குத் தண்டனை.”

என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கொடிய தண்டனை என்று தெரியும். எனக்கு வாயில் ஒன்றும் தங்காது. அந்தக் கசெற்றின் இன்னொரு கொப்பி கேட்டு ஊருக்குக் கடிதம் எழுதினேன். வீடியோ எடுத்தவர் சண்டையில் இடம்பெயர்ந்து போய்விட்டார், அவருடைய கடையும் இல்லை என்று பதில் வந்தது.

பிறகு அண்ணைக்கு வழக்கு வென்றது, மலர் அக்காவைக் கட்டினார், செவன் கிங்ஸில் வீடு வாங்கினார். ஆனாலும் எந்தப் பிளேஓஃப் மேலதிக நேரத்துக்குப் போனாலும் என் ஃபோன் அடிக்கும். “டேய், கசெற்றில இடமிருக்கோ?” என்பார். நானும் விடமாட்டேன். “அண்ணை, அந்த மட்ச் முடிவைச் சொல்லட்டோ?” “பொத்தடா வாயை.” அவ்வளவுதான். வருசக்கணக்காக எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்தது.

மேலதிக நேர விதியைக் கடைசியில் அவர் சொன்ன மாதிரியே மாற்றினார்கள். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மாரடைப்பு. மனுசனுக்கும் பழைய விதிதான், முதல் அடியோடு ஆட்டம் முடிந்தது.

செத்தவீட்டு மண்டபத்தில் கமெரா பூட்டி ஊருக்கு நேரலையாக அனுப்பினார்கள். இப்போது நாங்கள் சாக, அவர்கள் அங்கிருந்து பார்க்கிறார்கள். என் முறை வந்தது. பூவைப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் குனிந்தேன். அவருடைய காதுக்குள் யார் வென்றது, எத்தனை புள்ளி, யார் உதைத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். டொஸ் யாருக்கு விழுந்தது என்பதுகூடச் சொன்னேன். முதல் தடவையாக அவர் என்னை நிறுத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு மலர் அக்கா கேட்டார். “தம்பி, ஊரில நேரலை பாத்த எல்லாரும் கேக்கினம். காதுக்குள்ள அவ்வளவு நேரம் என்ன சொன்னனீங்கள்?”

“தேவாரம், அக்கா.”

“நல்லாயிருப்பீங்கள்” என்று கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கசெற்றும் இல்லை, மெசினும் இல்லை, ஹவுன்ஸ்லோ வீட்டை உடைத்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். இந்த ஜனவரி ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் பந்து போனது. ஃபோன் மேசையில் சும்மா கிடந்தது. டிவிக்குக் கீழே இழுப்பு லாச்சியில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அண்ணையின் செத்தவீடு முழுக்க அதில் இருக்கிறது. யாரும் தெரியாமல் அழித்துவிடாதபடி அதில் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பிறகு பார்ப்போம் என்றுதான் வைத்திருக்கிறேன்.