குளத்துக் கரையில் புதைந்த இரண்டு லாரிகள்

அப்துல் வஹீது மச்சான் கோபம் வந்தால் பேசமாட்டார். போய் லாரியின் கண்ணாடியைத் துடைப்பார். என் அக்கா பக்ருன்னிசா ஜன்னல் வழியாகப் பார்த்தே அவர் மனநிலையைச் சொல்லிவிடுவாள். "கண்ணாடி இன்னிக்குப் பளபளங்குது. எந்த டோல்கேட்டுல சண்டையோ" என்பாள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் அந்தக் கண்ணாடி பளபளக்காத நாள் குறைவு.

கோவை உக்கடத்தில் பிறந்து, பிறர் லாரிகளை ஓட்டியே தலை நரைத்தவர். அந்த ஆண்டுதான் சொந்தமாக ஒரு பழைய டாடா லாரி வாங்கியிருந்தார். கிணத்துக்கடவில் தக்காளி ஏற்றி, வேலந்தாவளம் வழியாக எல்லை தாண்டி, பாலக்காட்டுக் காலைச் சந்தையில் இறக்க வேண்டும். மண்டிக்காரர் ஈஸ்வரமூர்த்தி தினமும் லோடு கொடுத்தார். ஆனால் லாரி இரண்டு முறை தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிட்டார்: "கோவிச்சுக்காதீங்க பாய். இன்னொருக்கா பிந்துச்சுன்னா நான் வேற வண்டி பார்த்துக்கறேனுங்க." அந்த லோடு போனால் லாரிக் கடனைக் கட்ட வேறு வழி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தாமதத்துக்குக் காரணம் சாலையின் குறுக்கே போட்டிருந்த ஒரு மூங்கில். எல்லைக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு கிராமப் பஞ்சாயத்து, ஊர் வழியே போகும் லாரிகளுக்குப் புதிதாகக் கட்டணம் விதித்திருந்தது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, காலி வண்டியானாலும் கட்ட வேண்டும். ரசீது எழுதுபவர் தூக்கத்திலிருந்து எழுந்து, சில்லறை தேடி, பேனாவை உதறி எழுதி முடிப்பதற்குள் பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிடும்.

லாரிக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஊர்க்குளத்துக் கரைமேல் ஒரு வண்டிப்பாதை போகிறது. அதில் ஏறி இறங்கினால் மூங்கிலுக்கு அப்பால் சாலையைப் பிடித்துவிடலாம். கோடையில் கரை பாறை மாதிரி இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில் குளம் நிறைந்த பிறகும் அதே வழியில் போனார்கள்.

ஒரு விடியற்காலை, வெளிச்சம் பரவும் நேரத்தில், மச்சானின் லாரி பின் சக்கரம் வரை கரையில் புதைந்தது.

அடுத்து நடந்ததை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். நின்றுபோன லாரியைத் தாண்டி எந்த லாரியும் போகக் கூடாது என்பது அவர்களிடையே எழுதப்படாத சட்டம். பின்னால் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு ராமுலு வந்தார். மச்சானின் பழைய சிநேகிதர். லாரி நிற்பதைக் கண்டார். சட்டம் நினைவுக்கு வந்தது. கரை ஈரமாக இருப்பது நினைவுக்கு வரவில்லை. சங்கிலியோடு உதவிக்கு வந்தவர், தன் லாரியையும் கரைமேல் ஏற்றி, மச்சானுக்குப் பின்னாலேயே புதைத்துவிட்டார்.

"யோவ் ராமுலு, ஒனக்குக் கண்ணு இருக்குதா இல்லியா?"

"நீங்க நிக்கறீங்கன்னு வந்தா என்னையத் திட்டறீங்களே பாய்! வராமப் போயிருந்தா அதுக்கும் திட்டியிருப்பீங்க."

மூன்றாவதாக வந்த லாரி சாலையிலேயே நின்றதுதான் நல்ல காலம். அதன் டிரைவர் இரும்புக் கயிற்றை எடுத்து வந்து, ரெண்டையும் ஒவ்வொண்ணா இழுத்துரலாம், ஊர்க்காரங்க எந்திரிக்கறதுக்குள்ள போயிரலாம் என்றார். அப்போதே கிளம்பினால் சந்தையைப் பிடித்துவிடலாம்.

ஆனால் ஊர்க்காரர் ஒருவர் எழுந்துவிட்டிருந்தார். கரைக்குக் கீழே வயல் வைத்திருந்த திருமலைசாமி, தோளில் மண்வெட்டியுடன் நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. சக்கரத்துக்கு அடியில் கரையின் வெளிப்பக்கம் கசிந்துகொண்டிருந்த தண்ணீரைக் கையால் காட்டினார்.

"இப்ப இழுத்தீங்கன்னா லாரி வந்துருமுங்க. கூடவே கரையும் வந்துரும். எங்காடு மட்டுமில்லீங்க, கீழ இருக்கற அத்தனையும் போயிரும்."

மச்சான் உட்கார்ந்து அந்தக் கசிவைப் பார்த்தார். எழுந்து கயிற்றைத் தன் லாரியிலிருந்து அவிழ்த்தார்.

"லோடை எறக்கிரலாம். வண்டி லேசானதுக்கப்புறம் மெல்ல எடுப்போம்."

"பாய், சந்தை போயிருமே! அந்த மண்டிக்காரரு சொன்னது மறந்துபோச்சா?" என்றார் ராமுலு.

"மறக்கலப்பா. எறக்கு."

பிறகு ஊரே வந்தது. பஞ்சாயத்துத் தலைவி பத்மாவதி முதல் தடவையாக அந்த நாற்காலிக்கு வந்தவர். புடவையைச் சொருகிக்கொண்டு கரையேறி, இரண்டு லாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், ஒண்ணு பத்தலீன்னு ரெண்டாவதையும் கொண்டாந்து நட்டு வெச்சிருக்கறீங்களா? எங்கூருக் கொளம் என்ன உங்க லாரி ஸ்டாண்டுங்களா?"

அதற்குள் யாரோ ஒருவர், கசிவை அடைக்க அந்தப் புண்ணாக்கு மூட்டைகளை இறக்கிப் போடலாமே என்று யோசனை சொன்னார். ராமுலு பதறிப்போய், "அய்யோ, அது மாட்டுக்குங்க, கொளத்துக்கில்லீங்க!" என்று கத்த, திட்ட வந்த கூட்டம் சிரித்துவிட்டது.

அதன்பின் வேலை நடந்தது. சாக்குகளில் மண் அள்ளிக் கசிவை அடைத்தார்கள். தக்காளிப் பெட்டிகளும் புண்ணாக்கு மூட்டைகளும் கை மாறிக் கை மாறிச் சாலைக்கு வந்தன. திருமலைசாமி தன் டிராக்டரைக் கொண்டுவந்து தக்காளியை வேலந்தாவளம் சந்தைக்கு ஏற்றிப் போனார். பாலக்காட்டு விலை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியும் அழுகவில்லை. உச்சி வெயிலில், அடியில் பலகை போட்டு, லாரிகளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி எடுத்தார்கள். கரை நின்றது.

புறப்படும்போது பத்மாவதி மூங்கிலைத் தூக்கச் சொல்லவில்லை. "ரசீது போட்டுக்கிட்டுப் போங்க. ரெண்டு லாரிக்கும்."

மச்சான் கட்டினார். கட்டிவிட்டுக் கேட்டார்: "இந்தக் காசு எதுக்குங்கம்மா?"

"இந்தக் கரையப் பலப்படுத்தத்தானுங்க. மண்ணடிக்கோணும்னு வருசக்கணக்கா மனுக் குடுத்துப் பாத்தோம், ஒண்ணும் வரலீங்க. அதான் நாங்களே வாங்கறோம்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்ததாம், சிரிக்க முடியவில்லை. "குடுக்கறதுக்கு எங்களுக்குக் கசப்பில்லீங்க. போறப்ப ஒண்ணு, வாறப்ப ஒண்ணு, காலி வண்டிக்கும் ஒண்ணுன்னாத்தான் பொழப்பு ஓடலீங்க. நிக்க வெக்கறதுல சரக்கும் கெட்டுப்போகுது. ஒரு நாளைக்கு ஒருக்கா வாங்குங்க."

"வெள்ளிக்கிழமை கூட்டமிருக்குது, வந்து சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைங்களே."

"அப்பச் சனிக்கிழமை வெச்சுக்கறோம். உங்காளுகளையும் கூட்டிட்டு வாங்க."

அந்த ஆட்களைக் கூட்டி வருவதுதான் பெரும்பாடு. லாரிக்காரர்கள் அவரைப் 'பஞ்சாயத்து மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். கேஸ் போட வேண்டிய இடத்தில் கெஞ்சப் போவதா என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி லோடை நிறுத்திவிட்டார். வீட்டில் லாரிக் கண்ணாடி தேயத் தேயத் துடைபட்டது. அக்கா அடகுக்கென்று தன் வளையல்களை எடுத்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. செங்கல் லோடு, வைக்கோல் லோடு என்று கிடைத்ததை ஓட்டினார்.

சனிக்கிழமை ராமுலுவும் இன்னும் சிலரும்தான் கூட வந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. கட்டணம் ஒரு நாளைக்கு ஒரு தடவை, காலி வண்டிக்கு இல்லை, காய்கறி வண்டி வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. பதிலுக்கு மச்சான் ஒன்று ஒப்புக்கொண்டார்: கேரளத்திலிருந்து காலியாகத் திரும்பும் வண்டிகள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் வெட்டுக்கல் துண்டுகளை ஏற்றி வந்து கரையில் கொட்டும். கேலி செய்தவர்களும் மெல்ல மெல்லக் கொட்டினார்கள். அடுத்த மழைக்கு முன் கரைக்குக் கல் கட்டு வந்துவிட்டது.

வண்டிகள் நேரத்துக்குப் போவதைப் பார்த்த ஈஸ்வரமூர்த்தி, ஒரு நாள் தானே உக்கடத்துக்கு வந்து, "தப்பா நெனைக்காதீங்க பாய், நாளையிலிருந்து வண்டியக் கொண்டாங்க" என்றார். மச்சான் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு அப்படி ஓட்ட இரண்டு வருடம்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கோடையில், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. ஜனாஸா அடக்கத்துக்குப் பத்மாவதியும் திருமலைசாமியும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். லாரியை விற்றுவிடச் சொல்லிப் பலரும் அக்காவிடம் எடுத்துச் சொன்னார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடியும் வரை எதையும் கேட்கமாட்டேன் என்றிருந்தவள், முடிந்த மறுநாள் ராமுலுவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணா, வண்டிய நீங்க ஓட்டோணும். ஆனா ஒண்ணு, எவன் நின்னிருந்தாலும் மொதல்ல எறங்கித் தரையப் பாருங்க."

"இப்பெல்லாம் ஊட்டு வாசல்ல கால வெக்கறதுக்கே பாத்துத்தானுங்கம்மா வெக்கறேன்" என்றார் ராமுலு.

லாரி ஓடுகிறது. தக்காளி நேரத்துக்குப் பாலக்காடு போய்ச் சேருகிறது. கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது.