பாக்கர் நங்கூரம்

எங்கள் தொண்டியில் பாக்கர் மாமா ஒருநாள் கயிற்றைக் கட்டாமலே நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டார். ஊர் அதை மறந்திருக்கும். மறக்க விடாதவன் நான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறவனுக்கு வேறென்ன வேலை. யார் எதை மறந்தாலும் "பாக்கர் நங்கூரம்" என்பேன். இரண்டே மாதத்தில் வாத்தியாரும் அதைச் சொன்னார், மீன் ஏலத்திலும் சொன்னார்கள். முழுக்கதையும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. வெளியூர்க்காரன் மட்டும் முழிப்பான்.

மாமாவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் வேலைக்குப் போன இடமெல்லாம், "கயிறு கட்டத் தெரியுமா பாக்கரு?" என்று கேட்டே கழித்துவிட்டார்கள். பிறகு ஒரு பழைய வள்ளத்தில் தனியாக மீன்பிடிக்கப் போனார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அதையும் நான் நடித்துக் காட்டினேன்.

கார்த்திகையில் ஒருநாள் விடியலில் போனவர், வாடைக்காற்று ஏறியும் திரும்பவில்லை. மற்ற வள்ளங்களெல்லாம் வந்துவிட்டன. அவர் மனைவி நூர் நிஷா மாமி கரையில் நின்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். மாமாவைத் தனியாக அனுப்பியது என் வாய்தான்.

மாமி திரும்பாமலே கேட்டார். "ஏலே, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலயா?"



மறுநாள் காலை, தெற்கேயிருந்து ஏதாவது சேதி வருமா என்று ராமநாதபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கண்டக்டர் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "காரங்காட்டுல ஒரு வள்ளம் ஒடைஞ்சு ஒதுங்கிக் கெடக்கு."

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளு?" நான்தான் கேட்டேன்.

"அது தெரியல. அங்கேருந்து வண்டி எடுக்கையில சாக்கைப் போத்திக்கிட்டு ஒருத்தர் ஓடியாந்தாரு. குளிர்ல பல்லு தந்தியடிக்குது. நங்கூரம் கயிறோடதான் இருக்குன்னு தொண்டியில சொல்லுன்னாரு. பேரைக் கேக்குறதுக்குள்ள வண்டி நகந்துருச்சு. கிறுக்கனோ என்னமோ."

ராமநாதபுரத்துக்காரரான கண்டக்டர் முழித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு வேறு பேர் தேவைப்படவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அதே பஸ் திரும்பும்போது மாமி ஏறினார். படியில் நின்று என்னைப் பார்த்தார். "ஏறுலே. கயிறு எத்தனை பாகம் நீளம்னு நீயே வந்து கேட்டுக்க."

ஏறினேன். காரங்காடு வரைக்கும், மாமாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இரண்டிரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.